நத்தார்க் கடைத்தெருவில் எதிர்பாராத சேர்ந்திசை: யாழ்ப்பாணத்துப் பாடகர் குழாங்களுக்கு ஒரு செய்முறை

நத்தார் வாரத்தில் ஒரு கடைத்தொகுதியின் நடுவே, பொருள் வாங்க வந்தவர்கள் போலத் தோன்றும் முப்பது பேர் ஒருவர்பின் ஒருவராகக் குரல் சேர்த்து, ஒரு கீதத்தை நான்கு குரல்களில் பாடி முடித்துவிட்டுப் பழையபடி கூட்டத்தில் கலந்துவிடும் நிகழ்வை நம் இளைஞர்கள் பிளாஷ் மொப் என்றே சொல்கிறார்கள். 2003 இல் நியூயோர்க்கின் மன்ஹற்றனில், பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விளையாட்டாகத் தொடங்கிய இவ்வழக்கம் 2010 இன் கடைசி மாதங்களில் சேர்ந்திசைக்காரரிடையேயும் பேர்பெற்றது. அவ்வாண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி பிலடெல்பியாவின் மேசிஸ் அங்காடியில் அந்நகரின் ஒபெரா நிறுவனம் அறுநூறுக்கும் மேற்பட்ட பாடகர்களைக் கூட்டத்தினுள் கலந்து நிற்கவைத்து இசையமைப்பாளர் ஹன்டெலின் அல்லேலூயா என்ற சேர்ந்திசையைப் பாடுவித்தது. இரண்டு கிழமை கழித்து, நவம்பர் 13 ஆம் திகதி, கனடாவின் வெலண்ட் நகரத்து அங்காடியொன்றின் உணவுக்கூடத்தில் கோரஸ் நயாகரா குழுவினர் அதே பாடலைப் பாடினார்கள். அந்தக் காணொளி இணையத்தில் கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் ஆலயப் பாடகர் குழாம், கல்லூரிப் பாடகர் குழு, கூத்து மன்றம் ஆகிய எதுவாயினும் இதைச் செய்து பார்க்க விரும்பினால் என்னென்ன ஆயத்தங்கள் தேவை என்பதே இங்கு சொல்லப்படுகிறது.

தெருவில் பாடுவது நமக்குப் புதிதன்று. மார்கழியில் திருவெம்பாவைக் காலத்து விடியப்புறங்களில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க ஒழுங்கைகளில் பாடிச் செல்வோரையும், அதே மாதத்தில் வீடு வீடாக வரும் கரோல் குழுக்களையும் இவ்வூர் நீண்ட காலமாக அறியும். புதிது என்னவென்றால், பாடப்போகிறவர் யாரென்று கேட்போருக்குத் தெரியாதிருப்பதுதான்.

யாருக்குச் சொல்ல வேண்டும்

வியப்பு, பொருள் வாங்க வந்தவர்களுக்கு மட்டுமே உரியது. அந்த இடத்துக்குப் பொறுப்பான எவருக்கும் அது வியப்பாக இருக்கக் கூடாது. வேறு நாட்டுக் கையேடுகள் இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடலாம். யாழ்ப்பாணத்தில் அப்படிக் கடந்துவிட முடியாது. சனம் திடீரென ஒரு பக்கமாகத் திரும்பினாலோ, யாரேனும் ஓடினாலோ, அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாத ஒரு தலைமுறை இங்கே இன்னும் கடைக்குப் போய் வருகிறது. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்கள் தாக்கப்பட்ட பின்னர், பண்டிகைக் காலக் கூட்டங்களைப் பற்றிய கவலை காவற்றுறையினரிடம் மட்டுமன்றிப் பொதுமக்களிடமும் கூடியிருக்கிறது. ஆகவே கூச்சலிட்டோ, ஓடியோ, ஒரே நொடியில் முப்பது பேரும் எழுந்து நின்றோ தொடங்கும் எந்த முறையையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு தனிக் குரல் மெதுவாகத் தொடங்கட்டும். முதல் பத்து விநாடிகளுக்குள், இது ஒரு பாட்டு, வேறொன்றுமில்லை என்பது சிறு பிள்ளைக்கும் வயதானவருக்கும் விளங்கிவிட வேண்டும்.

அனுமதி இடத்தைப் பொறுத்தது. வைத்தியசாலை வீதியில் 2013 இல் திறக்கப்பட்ட கார்கில்ஸ் சதுக்கம் போன்ற தனியார் கட்டடமாயின் அதன் முகாமைத்துவத்திடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். நவீன சந்தைப் பகுதியோ பொது நடைபாதையோ ஆயின் யாழ்ப்பாண மாநகர சபையிடம் கேட்க வேண்டும். எவ்விடமாயினும் யாழ்ப்பாணப் பொலிஸ் நிலையத்துக்கு நாள், நேரம், பாடுவோர் தொகை, பொறுப்பாளரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைக் கடிதமாகக் கொடுத்து, அதன் பிரதியைப் பொறுப்பாளர் அன்று கையில் வைத்திருப்பது நல்லது. ஒலிபெருக்கி பாவிப்பதாயின் அதற்குப் பொலிஸ் அனுமதிப்பத்திரம் தனியாகத் தேவைப்படும். முகாமையாளர் சம்மதித்துவிட்டார் என்பதோடு நின்றுவிடக் கூடாது: அந்த நேரத்தில் வாசலில் கடமையில் இருக்கப்போகும் காவலாளிக்கு அச்செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதை அன்று காலையில் மறுபடி விசாரிக்க வேண்டும். பாட்டின் இரண்டாவது வரியில் வந்து தோளைத் தட்டப்போகிறவர் முகாமையாளர் அல்லர், அவர்தான்.

அண்டைக் கடைக்காரரிடமும் முதல் நாளே பேசிவிட வேண்டும். நத்தாருக்கு முந்திய கிழமையில் ஐந்து நிமிடத்துக்கு வாசல் அடைபட்டாலும் அவருக்கு அது நட்டம்தான். அவருடைய ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்குமாயின், அதை எந்த நேரத்தில் குறைப்பது என்பதையும் அப்போதே பேசி முடித்துக்கொள்ளலாம். இன்னொன்றும் இருக்கிறது. கடைத்தெருவில் நிற்போரில் பெரும்பாலானோர் சைவர்கள். பாட்டோடு துண்டுப்பிரசுரமோ பிரசங்கமோ சேர்ந்தால் கேட்பவர் மனம் உடனே இறுகிவிடும், அது நியாயமும்கூட. பதாகை வேண்டாம், அறிவிப்பு வேண்டாம், உண்டியலும் வேண்டாம்.

மறைக்க வேண்டியவர்களிடம் மறைப்பதும் எளிதன்று. வாட்ஸ்அப் குழுவில் இடத்தின் பெயரைப் போட்ட அன்றே அது பாதி ஊருக்குத் தெரிந்துவிடும். நாளையும் நேரத்தையும் மட்டும் சொல்லி, ஒத்திகைக் கூடத்தில் நிலத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பழக்கிவிட்டு, இடத்தை அன்று மத்தியானம் வாய்மொழியாக அறிவிப்பது போதும். உறவினர்களைப் பார்க்க வரச் சொல்லக் கூடாது என்பதை நான் சற்று வற்புறுத்தியே சொல்வேன். 2010 டிசம்பர் 20 ஆம் திகதி கலிபோர்னியாவின் ரோஸ்வில் நகர அங்காடியொன்றில் இதே அல்லேலூயாவைப் பாடவும் கேட்கவும் ஆயிரக்கணக்கானோர் ஓரிடத்தில் குவிந்ததால், மேல்மாடித் தளம் தாங்குமோ என்ற அச்சம் எழுந்து, கட்டடத்திலிருந்தே எல்லோரையும் வெளியேற்ற வேண்டியதாயிற்று. நம்முடைய கட்டடங்களின் மேல்மாடி நடைவழிகள் அதைவிட ஒடுக்கமானவை. பாடுவோர் இருபத்துநான்கு முதல் நாற்பது பேர் வரை இருந்தால் நான்கு குரல்களும் நிறைவாகக் கேட்கும். அதற்கு மேற்பட்டால் இசை வளராது, நெரிசல்தான் வளரும்.

இடமும் நேரமும்

கடைசியாகத் தெரிவுசெய்யும் முன், ஒரு கிழமை முன்னதாக, அதே கிழமைநாளில், அதே மணிக்கு அங்கு போய்க் கால்மணி நேரம் நின்று காதால் பார்க்க வேண்டும். பஸ் நிலையத்தை அண்டிய பகுதியில் லொத்தர் விற்பனையாளரின் ஒலிபெருக்கியும் நடத்துநர்களின் கூவலும் ஓயமாட்டா. பாண் விற்கும் முச்சக்கர வண்டி வந்துவிட்டால் அதன் பேத்தோவன் மெட்டு உங்கள் சுருதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். கஸ்தூரியார் வீதி பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் வாகனமும் நடைபாதையும் ஒன்றோடொன்று முட்டும் இடத்தில் நான்கு குரல் இசை கரைந்துபோகும், நிற்பவருக்கும் ஆபத்து. வைத்தியசாலை வீதியில் திறந்த வெளியை நான் தவிர்ப்பேன்: போதனா வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளர் காவு வண்டிக்கு அரை நிமிடம்கூடத் தடையாக இருக்கக் கூடாது. சந்தைக் கட்டடங்களில் கூரையிட்ட நடைவழிகள் ஒன்றையொன்று சந்திக்கும் அகன்ற பகுதியோ, மாடிகள் சுற்றி நிற்கக் கீழே வெளியுள்ள கட்டடத்தின் உட்புறமோ மிக ஏற்றது; அங்கே சுவர்களே குரலைத் திருப்பித் தந்து உதவும்.

டிசம்பர் யாழ்ப்பாணத்தில் வடகீழ்ப் பருவமழைக் காலம். மழை வந்தால் சனம் கூரைக்குள் ஒதுங்கும். திறந்தவெளி நிகழ்ச்சி பாழாகும், கூரைக்குள் நடப்பது இருமடங்கு நெரிசலாகும். ஆகவே ஒரு மாற்று நாளையும் அனுமதிக் கடிதத்திலேயே கேட்டுவைக்க வேண்டும். தகரக் கூரையின் கீழ் பாடத் திட்டமிடுவோர் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கட்டும்: அதன்மேல் மழை விழும் ஓசையை எந்தப் பாடகர் குழாமும் வெல்லாது. நேரத்தைப் பொறுத்தவரை, சூரியன் ஏறக்குறைய ஆறு மணிக்கு மறையும் அம்மாதத்தில் பின்னேரம் ஐந்தரை மணியளவு நல்லது. கூட்டமும் இருக்கும், பிள்ளைகளை இருட்டும் முன் வீடு சேர்க்கவும் முடியும். 24 ஆம் திகதியை விட்டுவிட வேண்டும். அன்று ஒவ்வொரு பாடகரும் தத்தம் ஆலயத்தின் நள்ளிரவுப் பூசைக்கோ ஆராதனைக்கோ குரலைக் காத்துவைத்திருப்பார். உயர்தரப் பரீட்சை டிசம்பருக்குள் நீளும் ஆண்டுகளில் அதன் கால அட்டவணையையும், பாடசாலைகளின் ஒளிவிழாத் திகதிகளையும் பார்த்த பிறகே நாள் குறிக்க வேண்டும்.

பாட்டும் அதன் அமைப்பும்

எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அல்லேலூயாதான். அது 1742 இல் டப்ளினில் முதன்முதலாகப் பாடப்பட்ட, ஹன்டெலின் மெசாயா என்ற நெடிய இசைப்படைப்பின் இரண்டாம் பகுதியை முடித்துவைக்கும் சேர்ந்திசை. கதைப்படி பார்த்தால் பாலன் பிறப்புக்கு அல்ல, உயிர்ப்புக்குப் பின்னான வெற்றிக்கே உரியது. அதனாற் குறையொன்றுமில்லை, உலகம் முழுவதும் அதை நத்தாருக்குத்தான் பாடுகிறார்கள். எனினும் புதிய குழுவுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். பக்கவாத்தியம் இல்லாமல் ஏறத்தாழ நான்கு நிமிடம் அதைத் தாங்குவது கடினம். பிலடெல்பியாவில் பாடியவர்களுக்கு அந்த அங்காடியிலேயே பொருத்தப்பட்டிருந்த உலகப் புகழ் வாய்ந்த வனமேக்கர் ஓர்கன் சுருதியையும் காலத்தையும் பிடித்துக் கொடுத்தது. நம் சந்தையில் அப்படி ஒரு துணை கிடையாது.

மூன்று நிமிடத்துக்குள் முடிவதும், பல்லவி திரும்பத் திரும்ப வருவதும், கேட்போரிற் சிலராவது உடன் முணுமுணுக்கக் கூடியதுமான தமிழ்க் கீதமொன்றே பொருத்தமானது. கத்தோலிக்கரும் தென்னிந்திய திருச்சபையினரும் மெதடிஸ்தரும் சேர்ந்து பாடும் குழுவாயின், ஒரே மெட்டுக்கு ஒவ்வொரு சபையிலும் வேறு வேறு தமிழ் வரிகள் வழங்குவதை முதல் ஒத்திகையிலேயே கவனித்து, ஒரு பாடத்தை நிச்சயித்து எல்லோர் கையிலும் கொடுத்துவிட வேண்டும். பிந்தினால், பழக்கத்தில் ஊறிய வரிதான் அன்று வாயில் வரும்.

தனிக்குரல் தொடங்கிக் குழு வாங்கிப் பாடும் அமைப்பு நமக்குக் கைவந்தது. குருநகரிலும் பாஷையூரிலும் கத்தோலிக்க நாட்டுக்கூத்துகளில் பாத்திரம் ஏற்றவர் பாட, பிற்பாட்டுக்காரர் ஏற்றுப் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ஒலிவாங்கிக்குப் பழகிய ஆலயக் குரல்களைவிட, வெட்டவெளி மேடையில் பாடிப் பழகிய கூத்துக் குரல் சந்தைக்கு எத்தனையோ மடங்கு பொருந்தும் என்பது என் எண்ணம். முதற் குரலாக அத்தகைய ஒருவரை நிறுத்திப் பாருங்கள். 1818 இல் ஒஸ்திரியாவின் ஒபெர்ண்டோர்வ் கிராமத்தில் முதன்முதலாகப் பாடப்பட்ட அமைதியான இரவுக் கீதமும் இரண்டு தனிக்குரல், ஒரு கிற்றார், உடன் பாடும் குழு என்ற அமைப்பிலேயே உருவானது. ஆனால் அது தாலாட்டைப் போல மெல்லியது, கட்டடத்தின் உட்புறத்துக்கு மட்டுமே ஏற்கும்.

அமைப்பு இப்படி இருக்கலாம். முதற் சரணத்தின் முதலிரண்டு வரிகளை ஒருவர் தனியே பாட, அடுத்த இரண்டு வரிகளில் சற்றுத் தள்ளி நிற்கும் இன்னொருவர் சேர்ந்துகொள்கிறார். பல்லவியில் பெண்களின் மேற்குரலான சொப்ரானோவும் கீழ்க்குரலான அல்டோவும் நுழைகின்றன. இரண்டாம் சரணத்தில் ஆண்களின் மேற்குரலான ரெனரும் கீழ்க்குரலான பேஸும் சேர்ந்து நான்கு குரலும் நிறைகிறது. கடைசிப் பல்லவியை எல்லோரும் ஒரே குரலில் மெட்டாகப் பாடும்போது கூட்டமும் சேர்ந்துகொள்ள வழி கிடைக்கிறது. பதிப்புரிமையையும் மறந்துவிடக் கூடாது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஓர் ஆக்கம் அதை ஆக்கியவர் மறைந்து 70 ஆண்டுகள் வரை பாதுகாக்கப்படுகிறது. பழைய மெட்டு எவருக்கும் உரியதாயினும் அதன் தமிழ் வரிகளோ நான்கு குரல் அமைப்போ அண்மைக் காலத்தவருடையதாயின் அவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ கேட்க வேண்டும்.

சுருதியும் நிற்கும் முறையும்

இந்நிகழ்ச்சி கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் இதுதான். ஒலி காற்றில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்கிறது. அப்படியானால் 34 மீற்றர் தொலைவில் நிற்பவரின் குரல் பத்தில் ஒரு விநாடி பிந்தியே உங்கள் காதை எட்டும். நிமிடத்துக்கு 80 தாள அடி என்ற காலப்பிரமாணத்தில் ஒரு தாள அடி முக்கால் விநாடி. அதில் பத்தில் ஒரு பங்கு விநாடி பிசகினாலே எழுத்துகள் சிதறும். பிந்திக் கேட்பதைப் பின்பற்றி இவரும் பிந்த, அதைக் கேட்டு அவரும் பிந்த, இரண்டு வரிக்குள் பாட்டு இழுபடத் தொடங்கிவிடும். ஆகவே பாடுவோர் அனைவரும் பதினைந்து மீற்றர் குறுக்களவுக்குள் நிற்பது நல்லது. மாடியில் சிலரை நிறுத்தினால் அவர்கள் காதை நம்பாமல் கீழே நிற்கும் ஒருவரின் கையை மட்டும் பார்த்துப் பாட வேண்டும். அந்த ஒருவர் இசை நடத்துநர்போல் கையை வீச வேண்டியதில்லை. கையிலுள்ள பொருட்பையைத் தாளத்துக்குச் சற்றே அசைத்தாலும் தெரிந்தவருக்குத் தெரியும்.

முதற் குரலுக்குச் சுருதி எங்கிருந்து வரும்? வெலண்ட் காணொளியில் முதலில் எழுந்து பாடும் பெண் கைத்தொலைபேசியைக் காதில் வைத்திருப்பார். அதைப் பார்த்துச் செய்பவர் அந்தத் தொலைபேசியிலேயே சுருதிப்பெட்டிச் செயலியை ஓடவிட்டுக் காதில் வைத்துக்கொள்ளலாம். யாரோ ஒருவருடன் பேசுவது போலவும் இருக்கும், ஆதார சுருதியும் காதோடு நிற்கும். நான்கு குரல்களுக்கும் வசதியான சுருதியை முன்னரே நிச்சயித்து, ஒவ்வொரு குரலிலும் ஒருவர் அதே சுருதியைச் செவிப்பொறியில் கேட்டுக்கொண்டு நிற்பது பின்னும் பாதுகாப்பானது. பக்கவாத்தியமின்றிப் பாடும் குழுக்களுக்குச் சுருதி மெல்ல இறங்குவது வழக்கம், பதற்றத்தில் தாளம் விரைவதும் வழக்கம். இரண்டையும் ஒத்திகையிலே அளந்து அறிந்திருக்க வேண்டும்.

ஒரே குரலுக்குரியவர்களை ஒன்றாகக் குவிக்காமல், நான்கு குரலுக்கும் ஒவ்வொருவராக நால்வர் கொண்ட சிறு குழுக்களாகப் பரப்பினால், எந்த மூலையில் நிற்பவருக்கும் முழு இசை கேட்கும். ஆனால் அதற்கு ஒவ்வொருவரும் தம் குரலைத் தனியே தாங்கப் பழகியிருக்க வேண்டும். பழகாதோரை இருவர் இருவராக நிறுத்துங்கள். பேஸ் குரல்கள் திறந்த இடத்தில் முதலில் மறைந்துபோகும், அவர்களைச் சுவருக்கு முதுகு காட்டி நிற்கவையுங்கள். காசு செலுத்தும் இடம், படிக்கட்டு, அவசர வழி, தீயணைப்புக் கருவி ஆகியவற்றின் முன்னால் எவரும் நிற்கக் கூடாது.

ஒத்திகை

தாள் பார்த்துப் பாடும் எவரையும் அன்று சேர்க்க முடியாது. முழுப் பாட்டும் மனனமாக வேண்டும். பாட்டுப் பாடமான பிறகு, ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி கூடத்தின் நாலு சுவர்களையும் நோக்கி நின்று பாடுங்கள். அதன்பின், சந்தையில் நின்றபோது கைத்தொலைபேசியில் பதிவுசெய்து வந்த இரைச்சலை ஒலிபெருக்கியில் உரக்க ஓடவிட்டு அதனூடே பாடுங்கள். எந்த வரியில் குரல் தேய்கிறது என்பது உடனே வெளிப்படும். கடைசி ஒத்திகையில் குழுவினர் அல்லாத சிலரை நடுவில் நடக்கவும், குறுக்கே வந்து ஏதாவது கேட்கவும் விடுங்கள். பாடிக்கொண்டே புன்னகையோடு ஒதுங்கி வழிவிடுவதும் பழக வேண்டிய ஒன்றுதான்.

அன்றைய நாள்

குரலைப் பதப்படுத்தும் பயிற்சியை அருகிலுள்ள ஆலய மண்டபமொன்றில் முடித்துவிட்டு, இருவர் மூவராக வெவ்வேறு வழிகளில், பத்து நிமிட இடைவெளியில் வந்து சேர வேண்டும். பாடசாலைச் சீருடையோ ஒரே நிற உடையோ கூடாது. பிள்ளைகளுக்குப் பெற்றோரின் எழுத்துமூல சம்மதம் இருக்க வேண்டும். ஒவ்வொரு சிறு குழுவோடும் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். உண்மையாகவே ஏதாவது வாங்குங்கள், தேநீர் குடியுங்கள். கையைக் கட்டிக்கொண்டு நேரம் பார்த்து நிற்பவரை எவரும் கண்டுபிடித்துவிடுவர்.

பாடாத நால்வர் கட்டாயம் தேவை. இருவர் நடைவழியில் இரண்டு மீற்றர் இடம் எப்போதும் திறந்திருக்கப் பார்த்துக்கொள்வர், ஒருவர் கட்டடத்தின் பின்னணி இசையைக் குறைக்கச் சொல்லிவிட்டுக் காவலாளியின் அருகிலேயே நிற்பார், மற்றவர் குழுப் பொறுப்பாளர். குறித்த நேரத்துக்கு எல்லோரும் தத்தம் இடத்தில் நின்றாலும், மணிக்கூட்டைப் பார்த்துத் தொடங்கக் கூடாது. பொறுப்பாளர் தலையசைத்த பிறகே முதற் குரல் எழ வேண்டும். நிறுத்துவதற்கும் ஓர் அடையாளம் வேண்டும். பொறுப்பாளர் குடையை விரித்தால், நோயாளர் வண்டியோ நெரிசலோ வேறெதுவோ வருகிறது என்று பொருள், எந்த வரியில் இருந்தாலும் பாட்டு நின்று வழி திறக்க வேண்டும்.

பாட்டு முடிந்ததும் வணங்கவோ பேசவோ வேண்டாம். கைதட்டலுக்கு ஒரு புன்னகையோடு அவரவர் வழியில் நடந்து, முன்னரே குறித்த இடத்தில் கூடிப் பிள்ளைகளின் தொகையை எண்ணிச் சரிபார்த்த பிறகே கலைய வேண்டும். மறுமுறை பாடும்படி கேட்டாலும் மறுத்துவிடுங்கள். இரண்டாவது முறைக்குக் கூட்டம் திட்டமிட்ட அளவைத் தாண்டிவிடும், காவலாளியின் முகமும் மாறிவிடும்.

படம் பிடிக்க மூன்று கைத்தொலைபேசிகள் போதும்: ஒன்று முதற் குரலின் எதிரே, ஒன்று மேலிருந்து, ஒன்று கேட்போரின் பக்கம். ஒலிக்கு மட்டும் தனியே ஒரு பதிவுக்கருவி பாடுவோரின் நடுவே ஒரு பைக்குள் இருந்தால், காணொளியோடு பின்னர் இணைத்துக்கொள்ளலாம். கேட்டு நின்ற பிள்ளைகளின் முகம் அருகில் தெரியும் காட்சிகளை வெட்டிவிடுங்கள். காணொளியை இணையத்தில் ஏற்றும் முன் கட்டட முகாமைத்துவத்துக்கு ஒருமுறை காட்டி, விளக்கக் குறிப்பில் பாட்டின் மெட்டு, தமிழ் வரிகள், நான்கு குரல் அமைப்பு ஆகியவை யாருடையவை என்பதை எழுதிவிடுங்கள். இசை உரிமைக் கோரல் வந்தால் பதில் சொல்ல அந்தக் குறிப்போடு அனுமதிக் கடிதங்களும் உதவும்.